ரிக்கு வண்டி சேசிஸுக்கு வெல்டிங்: கடன் தர்றதுக்கு முன்னாடி நாம தெரிஞ்சுக்க வேண்டியது



மாடு வாங்க, தறி வாங்க, பிள்ளைங்க படிப்புக்கு, மருத்துவச் செலவுக்கு என்று குழுவில் கடன் கேட்பது நமக்குப் பழக்கம். திருச்செங்கோட்டுப் பக்கம் இன்னொரு கடனும் உண்டு. அதுதான் வண்டி வேலைக் கடன். டி.என். 34 என்ற பலகையோட ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போகிற போர்வெல் வண்டிகளில் நம்ம வீட்டு ஆண்கள் இல்லாத ஊரே இங்கே குறைவு. முதலாளியாக இல்லாவிட்டாலும் டிரைவராக, டிரில்லராக, வெல்டராக, பங்குக்காரராக ஏதோ ஒரு வகையில் அந்த வண்டியோடு நம்ம வீட்டு அடுப்பும் சேர்ந்தே ஓடுகிறது.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து ஒரு பழைய சப்போர்ட் லாரி வைத்திருக்கிறார்கள். ரிக்கு வண்டிக்குப் பின்னாலேயே ராடு, கேசிங் பைப், டீசல் எல்லாம் ஏற்றிப் போகிற வண்டி. சேசிஸ் விரிசல் விட்டது என்று குழுவில் 45 ஆயிரம் கடன் வாங்கினார்கள். பட்டறையில் நல்ல கனமான தகடு வைத்து, நாலு பக்கமும் சுற்றி வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். பார்த்தால் யானை ஏறினாலும் தாங்கும் போல இருந்தது. ஐந்தாவது மாதம், வடக்கே ஒரு காட்டில் வரப்பு ஏறி இறங்கும்போது சேசிஸ் மறுபடியும் அறுந்துவிட்டது. பதினோரு நாள் வண்டி நின்றது. வாடகை இல்லை, ஆளுங்களுக்குச் சோறு மட்டும் போட வேண்டும்.

அந்த அக்கா மறுபடியும் கடன் கேட்டு வந்தபோது கூட்டத்தில் ஒரே சலசலப்பு. “போன கடனே பாதி நிக்குது, மறுபடியும் அதே வேலைக்கா?” என்று ஒருத்தர் கேட்டார். கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களை யோசிக்க வைத்தது. “ஏனுங்க, வெச்ச தகடு அப்படியேதானுங்க இருக்குது. தகட்டு ஓரத்துல இருந்துதான் சேசிஸ் கிழிஞ்சிருக்குது” என்றார்.

தகடு கெட்டி, வெல்டும் கெட்டி. அப்புறம் எப்படிக் கிழிந்தது? பட்டறைக்காரர்கள், ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவர், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நாம வெல்டு வைக்கப் போவதில்லைதான். ஆனால் பணம் நம்முடையது.

பழைய சேலையில் புதுத் துணி ஒட்டு

லாரியின் சேசிஸ் என்பது நீளவாக்கில் இரண்டு பெரிய இரும்புச் சட்டம். குறுக்கே ஏணிப் படி மாதிரி சில கட்டைகள். நீளச் சட்டத்தை வெட்டிப் பார்த்தால் பகரம் மாதிரி இருக்கும், ஆனால் பக்கவாட்டில் படுத்த பகரம். மேலே ஒரு உதடு, கீழே ஒரு உதடு, நடுவே நிற்கிற சுவர். சுமை ஏறும்போது சட்டம் கொஞ்சம் வளையும். அப்போது மேல் உதடு நசுங்கப் பார்க்கும், கீழ் உதடு இழுபடும். நடுச்சுவரின் மத்தியில் இழுப்பு மிகக் குறைவு. முருங்கைக் குச்சியை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத் தோல்தான் முதலில் பிளக்கும், நடுத்தண்டு கடைசியில்தான் போகும். அதனால்தான் வண்டிக் கம்பெனிகள் உதட்டில் ஓட்டை போடாதே, உதட்டில் வெல்டு வைக்காதே, எதைப் பொருத்தினாலும் நடுச்சுவரில் பொருத்து என்று புத்தகம் போட்டுச் சொல்கின்றன.

தார் ரோட்டில் ஓடுகிற லாரிக்கு வளைவு மட்டும்தான் பெரிதாக இருக்கும். நம்ம போர்வெல் வண்டிக்கு அது போதாது என்று முறுக்கலும் சேர்ந்துகொள்கிறது. காட்டுக்குள் போகும், வரப்பு ஏறும், ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும். ஈரத்துணியை இரண்டு பேர் பிடித்துப் பிழிகிற மாதிரி சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். லாரி சேசிஸில் குறுக்குக் கட்டைகளைப் பெரும்பாலும் ரிவிட்டும் போல்ட்டும் போட்டு இணைப்பது எதற்காக? அது முறுக்கிக் கொடுத்துத் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான். விறைப்பாக நின்றால் உடையும்.

இப்போது தையல் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. நைந்த சேலையில் கெட்டியான புதுத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்தால் அடுத்து எங்கே கிழியும்? ஒட்டுத் துணி கிழியாது. ஒட்டு முடிகிற தையல் ஓரத்தில்தான் கிழியும். மெல்லியதும் கெட்டியும் சேருகிற கோட்டில் இழுப்பு முழுக்க வந்து விழுகிறது. சேசிஸில் நடந்ததும் இதேதான். தகடு இருக்கும் வரைக்கும் விறைப்பு, தகடு முடிந்த இடத்தில் சட்டென்று தளர்வு. போதாக்குறைக்கு அந்த ஓரத்திலேயே மேலிருந்து கீழாகக் குறுக்கு வெல்டு. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு சூடேறி அதன் குணமே மாறியிருக்கும். இழுப்பு அதிகமாக வந்து விழுகிற கோடும், இரும்பு பலவீனமான கோடும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்?

இந்தத் தப்பை நம்ம ஊர்ப் பட்டறை மட்டும் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் கப்பல் கட்டினார்கள். ரிவிட்டு அடிக்க நேரமில்லை என்று முழுக்க வெல்டு வைத்தார்கள். 1943 ஜனவரியில் ‘ஸ்கெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லை, அலையும் இல்லை, துறையில் சும்மா நின்றிருந்தபோதே படார் என்று இரண்டாகப் பிளந்தது. இதே காலத்தில் கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் பலவற்றிலும் விரிசல். ஆராய்ந்து பார்த்தபோது குளிரில் நொறுங்கிப்போகும் மட்டமான இரும்பு, சரியில்லாத வெல்டு, தளத்து வாசலின் சதுர மூலைகள் என்று பல காரணம் தெரிந்தது. சதுர மூலையில் இழுப்பு குவிந்து அங்கிருந்து விரிசல் புறப்பட்டிருக்கிறது. ரிவிட்டுக் கப்பலில் விரிசல் ஒரு தகட்டு ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டு வைத்த கப்பலில் தகடெல்லாம் ஒரே உடம்பு, விரிசல் நிற்காமல் ஓடிவிட்டது. பிறகு மூலைகளை வட்டமாக்கி, இரும்பையும் மாற்றிச் சரி செய்தார்கள். அந்தத் துறைகளில் வெல்டு வைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பழுது அவர்கள் கையில் இல்லை, வரைபடத்திலும் இரும்பிலும் இருந்தது.

சரியான வேலை எப்படி இருக்கும்

முதலில் விரிசல் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் வெல்டு வைப்பது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் குடத்துக்குப் பூச்சு வைப்பது போல. யு போல்ட் லூசாகிப் பாடி ஆடியிருக்கலாம். ஸ்பிரிங் பட்டை ஒடிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அனுமதித்த எடைக்கு மேல் ராடு அடுக்கியிருக்கலாம். கேபினுக்குப் பின்னால், மேலே வைத்த சப் பிரேம் ஆரம்பிக்கிற இடத்தில் விரிசல் வருவது நிறைய நடக்கும். அங்கேயும் அதே ஒட்டுத்துணிக் கதைதான். சப் பிரேமின் முன் முனையை மொட்டையாக வெட்டாமல், சரிவாகச் சீவி மெல்லிதாக்கி விட்டிருந்தால் அந்த இடம் பிழைத்திருக்கும்.

வண்டியில் இருக்கும் சுமையை முழுக்க இறக்க வேண்டும். சேசிஸை முட்டுக் கொடுத்து மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கிற சட்டத்தில் வெல்டு வைத்தால் கோணலோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி நேராக ஓடாது, டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

விரிசலுக்கு இரண்டு பக்கமும் பெயிண்ட், துரு, கிரீஸ் எல்லாம் சுரண்டி இரும்பு பளபளக்க வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு முடிவதில்லை. முடி மாதிரி மெல்லிசாக இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிக் காயவிடுவார்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்தில் இப்படித்தான் பார்த்தார்கள். இப்போது சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் ஸ்பிரே டப்பாவில் விற்கிறார்கள், அதுவும் இதே வித்தைதான். எதைத் தடவினாலும் முழுக்கத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே தீ வைக்க வேண்டும்.

விரிசல் முடிகிற இடம் தெரிந்ததும், அதன் நுனியில் டிரில்லால் சின்ன வட்ட ஓட்டை போடுவார்கள். கிழிந்த பாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூர்மையான நுனி இருந்தால் கிழிசல் ஓடிக்கொண்டே இருக்கும். நுனி வட்டமானால் ஓட்டம் நிற்கும். பிறகு விரிசல் நெடுகக் கிரைண்டரால் வாய்க்கால் மாதிரி சரிவாக வெட்டுவார்கள். அடிவரைக்கும் இரும்பு உருகிச் சேர்வதற்காக. மேலோட்டமாக ஒரு வரி இழுத்துவிட்டுப் போனால் அது கோலம் போட்ட மாதிரிதான், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு வரி வைத்ததும் மேலே படிகிற கசடைச் சிப்பிங் சுத்தியால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த வரி. கடைசியில் மேடாக நிற்கிற வெல்டைச் சட்டத்தோடு சமமாக ராவிவிட வேண்டும்.

அடுத்து பலத்துக்குத் தகடு. சேசிஸைவிட ரொம்பக் கனமான தகடு வேண்டாம். கனம் கூடினால் ஓரத்தில் கிழிசலும் கூடும். தகட்டின் இரண்டு முனையும் மொட்டையாக இல்லாமல் சரிவாகவோ, நீண்ட வைர வடிவிலோ வெட்டியிருக்க வேண்டும். உள்தகடும் வெளித்தகடும் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் முடியக்கூடாது. வெல்டு நீளவாக்கில் போகலாம், சட்டத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக இறங்கக்கூடாது. முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். உதட்டின் விளிம்பில் வெல்டு படவே கூடாது. முடிந்த இடத்தில் வெல்டுக்குப் பதிலாக நடுச்சுவரில் போல்ட் போடுவது இன்னும் நல்லது. தகட்டைப் படுக்கையாக வைப்பதைவிட எல் வடிவிலோ சட்டத்தின் வடிவிலோ மடித்து வைத்தால் பலம் அதிகம். பிள்ளைகளின் அடிஸ்கேலைப் படுக்கவைத்து அமுக்கினால் வளைகிறது, நிறுத்திவைத்து அமுக்கினால் வளைவதில்லையே, அந்தக் கணக்குத்தான்.

வேலை முடிந்ததும் சூட்டில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. சீக்கிரம் பெயிண்ட் அடித்து வண்டியை விட வேண்டும் என்ற அவசரம். ஆசாரி அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாய் கெட்டியாகும், ஆனால் கல்லில் பட்டால் பொக்குப் போகும். சேசிஸுக்குக் கெட்டி மட்டும் போதாது, வளைந்து கொடுக்க வேண்டும். தானாக ஆற விடுவதுதான் முறை.

ராடும் அப்பளமும்

வெல்டிங் ராடில் நம்ம பட்டறைகளில் அதிகம் புழங்குவது 6013. கேட், கிரில், கதவு எல்லாவற்றுக்கும் அதுதான். சேசிஸ் மாதிரி ஓயாமல் ஆடுகிற வேலைக்கு 7018 என்ற ராடு பொருத்தம். முதல் இரண்டு எண்ணும் பலத்தைச் சொல்கிறது. 60 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 42 கிலோ இழுப்பு தாங்கும், 70 என்றால் சுமார் 49 கிலோ. பலத்தைவிட முக்கியம், 7018 ராடின் பூச்சில் ஈரம் மிகக் குறைவு. ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு உருகிய இரும்புக்குள் போய், ஆறிய பிறகு உள்ளுக்குள் விரிசல் உண்டாக்கும். வேலை முடிந்து ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட அந்த விரிசல் வரும்.

ஆனால் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டால் 7018 ராடும் மழைக்கால அப்பளம் மாதிரி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்தால் சரியாகாது. 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் ஒரு மணி நேரமாவது வேக வேண்டும். பட்டறையில் ராடு அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் செட்டில் 7018 சரியாக எரியாது, ஒட்டிக்கொண்டு அணைந்து அணைந்து போகும். அதனால்தான் பல சின்னப் பட்டறைகள் “அதெல்லாம் எதுக்குங்க, இதே போதும்” என்று சொல்லிவிடுகின்றன. ரெக்டிபையரோ இன்வர்ட்டரோ இருக்கிற பட்டறையாகப் பார்ப்பது நல்லது. சிஓடூ வெல்டிங்கும் நல்ல வேலைதான், ஆனால் வெட்டவெளியில் காற்றடித்தால் வாயு பறந்துபோய் வெல்டு பொரிந்துவிடும்.

புது வண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை. இப்போது வருகிற பல லாரிகளின் சேசிஸ் சாதா இரும்பு இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலமுள்ள தனி ரகம். அதிகச் சூடு பட்டால் அந்தப் பலம் போய்விடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார் எல்லாம் நிறைய. பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டு வைத்தால் அந்தப் பெட்டி கருகிப்போகலாம். வெல்டிங் மிஷின் எர்த்து வயரை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கேயோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதையும் கெடுக்கும். கம்பெனி வாரண்டி இருக்கிற வண்டியில் அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

சேசிஸை வெட்டி நீட்டுவது, கூடுதலாக அச்சு போடுவது இதெல்லாம் பழுது பார்ப்பதில் சேராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. எப்.சி.க்குப் போகும்போது மாட்டினால் வண்டியும் நிற்கும், நம்ம கடனும் நிற்கும்.

கண்ணும் நெஞ்சும்

வண்டியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் இருக்கிறது. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். உருளைக்கிழங்கு வில்லை வைப்பது, தாய்ப்பால் விடுவது என்று நம்ம பக்கம் பழக்கம் இருக்கிறது. ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்தால் இதமாக இருக்கும், அதில் தப்பில்லை. கண்ணுக்குள் எதையும் ஊற்ற வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் கடையில் மரத்துப்போகிற சொட்டு மருந்து வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது கருவிழிக்குக் கேடு. கறுப்புக் கண்ணாடி என்றால் கூலிங் கிளாஸ் இல்லை. பத்து முதல் பன்னிரண்டாம் எண் வரையுள்ள வெல்டிங் கண்ணாடி. பட்டறை ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-இல் அறிவித்தது. நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் வேலை வேண்டாம். கால்வனைஸ்டு பைப்பில் வெல்டு வைத்தால் அன்று சாயங்காலமே குளிர்க்காய்ச்சல் வரலாம்.

இன்னொன்று, இதை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டீசல் டேங்க், எண்ணெய் டிரம் இவற்றில் “காலியாத்தானே கிடக்குது” என்று வெல்டு வைக்கக்கூடாது. காலி டிரம்மில் இருக்கிற ஆவிதான் வெடிக்கும். காற்று அடைத்த டயரைக் கழற்றாமல் சக்கரத்து ரிம்மில் வெல்டு வைத்தாலும் டயர் குண்டு மாதிரி வெடிக்கும்.

இதைப் படித்துவிட்டு, “நம்ம பொண்ணு இதைப் படிக்கலாமா?” என்று யாராவது கேட்டால், தாராளமாக. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாவது தேறியிருந்தால் போதும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-இல் தொடங்கியது, பயிற்சியும் தருகிறார்கள். பலத்தைவிட ஆடாத கையும் பொறுமையும்தான் இந்த வேலைக்கு வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற நமக்கு அது இல்லாமலா இருக்கும்.

அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டாவது கடன் கொடுத்தோம். ஆனால் பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை, மூன்று தவணை. பட்டறையில் இருந்து எழுத்தில் மதிப்பீடு, அதில் என்ன ராடு, தகடு எத்தனை மில்லி, முனை எப்படி வெட்டுவது என்று எழுதி வாங்கினோம். “பொம்பளைங்க இதெல்லாம் கேக்கறீங்களா?” என்று சிரித்தாராம் பட்டறைக்காரர், ஆனாலும் எழுதிக் கொடுத்தார். பழைய தகட்டை முழுக்க வெட்டி எடுத்து, குறுக்கு வெல்டு இல்லாமல் புதிதாக வைத்தார்கள். காரணத்தைத் தேடியபோது பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை ஒடிந்திருந்தது தெரிந்தது. முதல் தடவை அதை யாருமே பார்க்கவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோ நாலும் கடன் மனுவோடு சேர்த்துக் கோப்பில் இருக்கிறது. அடுத்து யார் வண்டி வேலைக்குக் கடன் கேட்டாலும் இதே மாதிரி போட்டோ கேட்பது என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.